அந்த டப்பாவுக்குள்ள இன்னொரு டப்பா

எங்கள் வீட்டில் மருந்து இருக்கிற டப்பாவுக்குப் பெயர் சாக்லேட் டப்பா. மைத்துனர் துபாயிலிருந்து முதல் லீவில் வந்தபோது, 1996இல், கொண்டுவந்த குவாலிட்டி ஸ்ட்ரீட் டின். ஊதா நிறம். உள்ளே இருந்த சாக்லேட் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. டின் முப்பது வருஷமாகத் தாங்குகிறது. முதலில் அதில் முறுக்கு இருந்தது. பிறகு ஊசி நூல், பிறகு ரேஷன் கார்டும் கேஸ் புத்தகமும். மகளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் விட்டு விட்டு அடித்த ஒரு மழைக்காலத்தில்தான் மருந்து உள்ளே போனது. அதன்பின் உள்ளே போன எதுவும் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

“சாக்லேட் டப்பாவ எடுங்க” என்று என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் எங்களுக்கு வயிற்றுப்போக்கு ஞாபகம் வரும். விருந்தாட வந்த பிள்ளைகளுக்கு வேறு ஞாபகம் வரும். கொழுந்தியாளின் பேரன், ஐந்து வயது, ஒரு நாள் சோபாவில் ஏறி, அங்கிருந்து டிவி ஸ்டாண்டுக்குத் தாவி, டப்பாவை இறக்கி, மூடியைக் கழற்றிவிட்ட பிறகே பிடிபட்டான். கையில் இரும்புச்சத்து மாத்திரை அட்டை. சிவப்பாக, பளபளவென்று, ஜெம்ஸ் மிட்டாய்க்குப் பெரியண்ணன் மாதிரி. சின்னப் பிள்ளைகள் வயிற்றுக்குள் அதிகமாகப் போனால் அது விஷம். அட்டையின் பின்னால் ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. ‘சாக்லேட் படம் போட்ட டப்பாவில் வைக்காதே’ என்று போடவில்லை. அவ்வளவு தூரத்துக்கு ஒரு குடும்பம் போகும் என்று கம்பெனிக்காரன் நினைத்திருக்க மாட்டான்.

அன்றைக்கே டப்பா ஃபிரிட்ஜ் தலைமேல் ஏறியது. எட்டாத இடம், போதாததற்கு ஃபிரிட்ஜ், ஆகவே குளிர்ச்சி என்று நான்தான் யோசனை சொன்னேன். உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதுதான் ஃபிரிட்ஜின் பிழைப்பு என்பது, மார்கழி மாதம் பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் டப்பாவை அணைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கியதைப் பார்த்த பிறகே உறைத்தது. ஆறு வருஷம் மருந்தை வெதுவெதுப்பாக வைத்துப் பாதுகாத்திருக்கிறோம். அட்டையில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறான், சிலதில் 25. மதுரையில் சித்திரைத் திருவிழா நேரத்தில் முப்பது டிகிரிக்குக் கீழே ஓர் இடம் வேண்டுமென்றால், மாத்திரையை எடுத்துக்கொண்டு விடிகாலையில் மொட்டை மாடிக்குப் போக வேண்டியதுதான்.

சரி, ஃபிரிட்ஜுக்கு உள்ளேயே வைத்துவிடலாமே என்றால், அங்கே என் அம்மாவின் இன்சுலின் இருக்கிறது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. அது கதவில் இருக்கக்கூடாது, திறந்து மூடித் திறந்து மூடிச் சூடு ஏறும். நான் ஒருமுறை நல்லெண்ணத்தில் ‘கூடக் கொஞ்சம் குளிரட்டும்’ என்று ஃபிரீசரில் வைத்தேன். மறுநாள் காலையில் அது கல்லாக இருந்தது. உறைந்த இன்சுலினை உருக வைத்துப் போட முடியாது, தூர எறிய வேண்டியதுதான். “ஐஸ் குச்சி வச்சிருந்தா நீங்களே சாப்பிட்டிருக்கலாம்” என்றாள் மனைவி. இப்போது நடுத்தட்டில், இட்லி மாவுக்கும் மல்லிகைப் பூப் பொட்டலத்துக்கும் நடுவே அதற்கு நிரந்தர இடம். அம்மாவுக்கு ஊசி போடும்போதெல்லாம் மல்லிகை வாசம் வருகிறது.

இந்த விஷயத்தில் ஊரிலிருக்கும் என் பெரியம்மா எங்களைவிடக் கெட்டி. ஃபிரிட்ஜ் கிடையாது. பெரிய பானையில் ஆற்று மணல், மணலுக்குள் கழுத்தளவு புதைத்த சின்னப் பானை, அதற்குள் மருந்து, மேலே ஈரத்துணி. காலையும் சாயங்காலமும் மணலில் ஒரு செம்பு தண்ணீர். கரண்ட் போனாலும் அதற்குக் கவலை இல்லை. ஆனால் அந்த மண்பானைக்கு எதிரில் கையெடுத்துக் கும்பிட்டு, ‘நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை’ என்று வாட்ஸப்பில் போடும் கூட்டத்தில் நான் சேர மாட்டேன். பெரியம்மாவிடம் கேட்டால் ஃபிரிட்ஜ்தான் வேண்டும் என்பாள்.

டப்பாவில் இருப்பதைவிட டப்பாவுக்கு வெளியே இருக்கிற மருந்துதான் எங்கள் வீட்டில் அதிகம். விக்ஸ் டிவிக்குப் பின்னால். கண் சொட்டு மருந்து சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில். சிங்கப்பூர்ச் சித்தப்பா வரும்போதெல்லாம் டஜன் கணக்கில் இறக்கும் கோடாலித் தைலம் பீரோவில், பட்டுச்சேலைக்கு நடுவே. அதை உபயோகிக்க யாருக்கும் மனசு வராது, ஃபாரின் சரக்கு. அமிர்தாஞ்சனுக்குத் தனி இடம் கிடையாது, எல்லா ஜன்னல் விளிம்பும் அதன் இடம்தான். 1893இல் பம்பாயில் அதைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், பிறகு ‘ஆந்திர பத்திரிகா’ என்று பத்திரிகையும் நடத்தினார். தலைவலியையும் தைலத்தையும் ஒரே ஆள் சப்ளை செய்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு இடத்தில்தான். சென்னை லஸ்ஸில் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது, தகும்.

இப்படி இறைந்து கிடப்பதைப் பார்த்து ஒழுங்கில்லாத குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மனைவியின் தைராய்டு மாத்திரை காபிப் பொடி டப்பாவுக்கு முன்னால் இருக்கும். “மருந்தைக் கொண்டுபோய் அடுப்படியில வைக்கலாமா?” என்று ஒரு நாள் உபதேசம் ஆரம்பித்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வெறும் வயித்துல போடணும். காபிக்குக் கை நீட்டினா முதல்ல மாத்திரை தட்டுப்படணும். உங்க பீரோவுல வச்சா காபி குடிச்ச பெறகுதான் ஞாபகம் வரும்.” என்னிடம் பதில் இல்லை. வீடு முழுக்க அப்படித்தான் ஒரு கணக்கு ஓடுகிறது. ஆனால் அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை, அவள் மண்டைக்குள் இருக்கிறது. அவள் ஊரில் இல்லாத நாளில் எங்கள் வீட்டில் மருந்து இருந்தும் இல்லாத மாதிரி.

போன மாதம் தம்பி மகள் வளைகாப்புக்கு அவள் திருநெல்வேலி போயிருந்தாள். வீட்டில் நானும் அம்மாவும். அடுப்படிக்கு லீவு விட்ட சந்தோஷத்தில் ராத்திரி கறிதோசை இரண்டு, ‘மிச்சம் வைக்கக்கூடாது’ என்று அரைப் பரோட்டா. ஒன்றேகால் மணிக்கு நெஞ்சுக்குழிக்குள் யாரோ அடுப்புப் பற்றவைத்தார்கள். நானாகவே சமாளிப்பது என்று முடிவுசெய்து டப்பாவை இறக்கினேன். முப்பது வருஷ டின்னின் மூடி, பகலில் ஒரு சத்தமும் ராத்திரியில் கோயில் மணி மாதிரி வேறு சத்தமும் போடும்.

உள்ளே பார்த்தேன். எங்கள் குடும்பத்தின் வியாதி வரலாறு மூன்று அடுக்காக இருந்தது. மேலடுக்கில் கொரோனாக் காலத்து வைட்டமின் சி. நடுவில் நான் மூட்டுவலிக்காரனாக இருந்த காலம். அடியில் கிரைப் வாட்டர். குடித்த பிள்ளைக்குப் போன வருஷம் கல்யாணம் ஆயிற்று. பஞ்சு அடைத்த பி காம்ப்ளெக்ஸ் பாட்டிலில் மாத்திரைகள் எல்லாம் ஐப்பசி ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாத ஒற்றுமையில் இருந்தன. திறந்த பிறகு அந்தப் பஞ்சை எடுத்துவிட வேண்டும், அதுவே ஈரத்தை இழுக்கும் என்று ஒரு மெடிக்கல்காரர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கூடவே இருந்த ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை மனைவி எப்போதோ எடுத்துப் போய் வெள்ளிக் கொலுசுக்குக் காவல் வைத்துவிட்டாள். ஓர் ஆஸ்பிரின் பாட்டிலைத் திறந்தால் ஊறுகாய்க் கடை வாசம். ஈரம் பட்ட ஆஸ்பிரின் காடியாகத்தான் போகும்.

எல்லாவற்றையும்விட மோசம் நறுக்கல்கள். ஒற்றை மாத்திரை, இரட்டை மாத்திரை என்று கத்தரியால் வெட்டிய வெள்ளிச் சதுரங்கள். ஒன்றில் ‘மா’ மாதிரி ஏதோ பாதி எழுத்து. ஒன்றில் ‘500’. எதற்கு ஐந்நூறு என்பது இன்னொரு துண்டில் இருக்கும், அந்தத் துண்டு யார் வீட்டிலோ இருக்கும். பத்து மாத்திரை அட்டையில் தேதி ஒரே ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது. “நாலு மட்டும் குடுங்க” என்று நாம் கேட்கிறோம், அவர் வெட்டித் தருகிறார். தேதி முதல் ஆளுக்குப் போகும், பேர் இரண்டாம் ஆளுக்குப் போகும், மூன்றாம் ஆளுக்கு நம்பிக்கை மட்டும் மிஞ்சும். பின்பக்கம் சிவப்புக் கோடு போட்ட துண்டுகளும் நிறைய. டாக்டர் சீட்டில்லாமல் தொடாதே என்பதற்கான கோடு அது. ஆன்டிபயாட்டிக்குக்காக 2016இல் மத்திய அரசு பெரிதாகப் பிரசாரமே செய்தது. எங்கள் டப்பாவில் இருந்தவை எல்லாம் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்து, மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நாங்களே டாக்டராகி நிறுத்தியவை. மிச்சத்தை எறிய மனசு வரவில்லை. காசு கொடுத்து வாங்கினது.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை கிடையாது. எழுபதுகளில் அருப்புக்கோட்டையில் எனக்குக் காய்ச்சல் என்றால், அம்மா சாம்பல் போட்டுக் கழுவிய காலிப் பாட்டிலை முந்தானையில் மறைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள். பாட்டில் கொண்டுவராதவர்களுக்குக் கம்பவுண்டரிடம் முதலில் திட்டு, பிறகு மருந்து. பெரிய ஜாடியிலிருந்து ரோஸ் நிறத் தண்ணி மருந்தைப் பாட்டிலில் ஊற்றுவார். பிறகுதான் வேடிக்கை. ஒரு வெள்ளைக் காகிதத்தை நீளவாக்கில் மடித்து, கத்தரியால் ஓரத்தில் சரக் சரக்கென்று வெட்டுவார். விரித்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். அதைப் பசை தடவிப் பாட்டிலின் முதுகில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பல்லை எண்ணிக் குடித்தார்கள். ஒன்பது பல் முடிந்தால் மருந்து முடிந்தது, காய்ச்சலும் அநேகமாக முடிந்திருக்கும். கழுவிக் கவிழ்த்துவிட்டால் அடுத்த காய்ச்சல் வரைக்கும் வீட்டில் மருந்தென்று எதுவும் கிடையாது. வைக்க இடம் தேடவேண்டிய பேச்சே இல்லை.

வெட்கத்தை விட்டுத் திருநெல்வேலிக்குப் போன் போட்டேன்.

“என்னங்க, அத்தைக்கு என்ன?”

“அம்மா தூங்குது. எனக்குத்தான். ஜெலுசில் எங்க?”

“வேர்க்குதா? இடது கை வலிக்குதா? மறைக்காம சொல்லுங்க.”

“கறிதோசை.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. நூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி வந்தும் சூடு குறையவில்லை. பிறகு அவள், கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருக்க வேண்டும், எங்கள் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தாள்.

“சாக்லேட் டப்பாவ விடுங்க, அதுல இருக்காது. அடுப்படி செல்ஃப், மூணாவது தட்டு. ஸ்வீட் டப்பா இருக்கும், அட்டை டப்பா. அதைத் தொடாதீங்க, அது அத்தையோட ரிப்போர்ட். அதுக்குப் பின்னாடி ஹார்லிக்ஸ் பாட்டில். அதுக்கும் பின்னாடி ஒரு டிபன் டப்பா. அந்த டப்பாவுக்குள்ள இன்னொரு டப்பா இருக்கும்.”

இருந்தது. அதற்குள் ஜெலுசில் பாட்டிலும் இருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தேன்.

“இது 2021லயே முடிஞ்சிருச்சே!”

“ஐயய்யோ, அதைக் குடிச்சிராதீங்க. அது மூடிக்கு வச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“மூடிக்கு. அஞ்சு, பத்துன்னு கோடு போட்டிருக்குல்ல? புதுப் பாட்டிலோட மூடிய நீங்க ஷேவிங் பண்ணத் தண்ணி எடுத்துட்டுப் போயித் தொலைச்சீங்க.”

“புதுப் பாட்டில் எங்க?”

கொஞ்சம் மௌனம். “நான் கொண்டாந்துட்டேங்க. விசேஷ வீட்டுச் சாப்பாடு, எதுக்கும் இருக்கட்டும்னு.”

இவ்வளவு பேச்சில் அம்மா எழுந்துவிட்டாள். எண்பத்திரண்டு வயது. டின் மூடிச் சத்தத்துக்கே முழித்துக்கொண்டதாகவும், திருடன் என்றால் இவ்வளவு நேரம் தேட மாட்டான் என்று தெரிந்து படுத்திருந்ததாகவும் பிறகு சொன்னாள். “ஏண்டா, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கட்டில் தலைமாட்டு ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்தாள். விளக்குப் போடவில்லை. உள்ளே கையை விட்டு நாலைந்து அட்டைகளைத் தடவினாள். ஒன்றை உருவி, ஒரு மாத்திரையைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். “கடிச்சுச் சாப்பிடு.”

டைஜீன். ஹாலுக்கு வந்து அட்டையை வெளிச்சத்தில் பார்த்தேன். தேதி முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அட்டையின் ஓரத்தில் மட்டும் ஒரு மூலை மடக்கியிருந்தது. பையை வாங்கி மற்றதையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் கத்தரியால் ஒரு வெட்டு, இன்னொன்றில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. எந்த அட்டையும் துண்டாகவில்லை. எல்லாவற்றிலும் தேதி இருக்கிற பக்கம் பத்திரமாக இருந்தது.

“என்னம்மா இது பல்லுப் பல்லா?”

“ஒண்ணு வெட்டுனா காலையில. ரெண்டு மத்தியானம். மூணு ராத்திரி. மடக்குனது கேஸ் மாத்திரை. கம்பவுண்டர் பாட்டில்ல ஒட்டிக் குடுப்பாருல்ல, அதுதான்.”

“தேதி?”

“மெடிக்கல் பையன்கிட்ட எந்தப் பக்கம்னு கேட்டுக்கிடுவேன். அந்தப் பக்கத்த கடைசியா எடுப்பேன். கலரப் பாத்து எடுத்தா சரிப்படாதுடா. ஒரே மாத்திரைய போன மாசம் ரோஸ்ல குடுத்தான், இந்த மாசம் வெள்ளையில குடுக்கறான்.”

இருபது வருஷமாக அந்தப் பை அந்த ஆணியில் தொங்குகிறது. வெயில் படாத சுவர், அடுப்புச் சூடு வராத அறை, பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். நான் அதை வெற்றிலைப் பை என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வைராக்கியம் வந்து சாக்லேட் டப்பாவைத் தரையில் கொட்டி எண்ணினேன். முழுதும் பாதியுமாக 41 அட்டை. தேதி தெரிந்தது 26. அதில் முடிந்துபோனது 19. தப்பித்த ஏழில் மூன்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களிடம் கொடுத்து வைத்துவிட்டு வீடு மாறிப் போனது. எறிய வேண்டியதை ஒரு பையில் கட்டினேன். எங்கே எறிவது என்று அப்போதுதான் யோசித்தேன். சிங்க்கில் கொட்டினால் வைகைக்குப் போகும், வைகையில் ஏற்கெனவே தண்ணீரைத் தவிர எல்லாம் இருக்கிறது. வேப்பமரத்தடியில் புதைக்கலாமா என்றால், அதில் என் மூட்டுவலி டைக்ளோஃபினாக்கும் இருந்தது. அதை மாட்டுக்குப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்து, 2006இல் மாட்டுக்குக் கொடுப்பதையே தடை செய்தார்கள். எங்கள் தெருவில் கழுகு கிடையாது, இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் 2025இல் வீட்டில் மிஞ்சிய மருந்தை வாங்கிக்கொள்ளும் திட்டமே ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்காகப் பஸ் ஏற முடியாது.

குப்பை வண்டி வந்தது. அந்தப் பெண் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

“மக்குறதா சார், மக்காததா?”

“மாத்திரைம்மா.”

“அப்ப ரெண்டுலயும் போடக்கூடாது. தனியாத் தரணும். ஊசி, பல்பு, பழைய மாத்திரை எல்லாம் தனி.”

சரியாகத்தான் சொன்னாள். 2016ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகளிலேயே, காலாவதி மருந்தை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். நான் முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஃபைல் பார்த்தவன், எனக்குத் தெரியவில்லை.

“தனியாத்தானே கட்டியிருக்கேன், எடுத்துக்கம்மா” என்றேன்.

அவள் பையை ஒரு நிமிஷம் கையில் எடை பார்த்தாள். பிறகு கேட்டிலேயே மாட்டினாள். “அக்கா ஊர்ல இருந்து வரட்டும் சார். அவங்க பாத்துட்டுக் குடுத்தா எடுத்துக்கிறேன். போன வருஷம் நீங்க குடுத்த பையில அக்காவோட தைராய்டு மாத்திரை கிடந்துச்சு, தெருக்கோடி வரைக்கும் ஓடி வந்து வாங்கிட்டுப் போனாங்க.”

மனைவி வந்தாள். பையைப் பிரித்தாள். கண் சொட்டு மருந்தைத் தூரப் போட்டதற்கு ஒரு பாராட்டு. திறந்து ஒரு மாதத்துக்கு மேல் அதை வைக்கக்கூடாதாம், அவளுக்கு அதுவும் தெரிந்திருக்கிறது. ஜெலுசில் பாட்டிலை மட்டும் எடுத்து, மருந்தைக் கீழே கொட்டாமல், மூடியைக் கழற்றிக் கழுவி வைத்துக்கொண்டாள். மிச்சப் பை மாடிப்படிக்குக் கீழே தொங்குகிறது. வண்டியில் தனியாக வாங்குகிற நாள் என்றைக்கு என்று கேட்டுச் சொல்வதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அதுவரைக்கும் பை திறந்து கிடக்க வேண்டாம் என்று, அதைப் போட்டு மூடிவைக்க மனைவி ஒரு டப்பா தேடிக்கொண்டிருக்கிறாள்.